உலை வைக்கும் முன்

நம் வீடுகளில் தினந்தோறும் தவறாமல் எழும் கேள்விகளில், கேட்கிறவருக்கு மிகவும் இலேசாகவும் பதில் தேடுகிறவருக்கு மிகவும் கனமாகவும் இருப்பது, "இன்றைக்கு என்ன சமையல்?" என்பதே. காலையில் காப்பி டம்ளரைக் கீழே வைக்கும்போது ஒரு தரமும், மாலையில் செருப்பைக் கழற்றும்போது ஒரு தரமும் குடும்பத்தில் எவரேனும் ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார். பசியுள்ள இடத்தில் இப்படிக் கேட்பது இயற்கை. அதில் குற்றமொன்றும் இல்லை. ஆயினும், வருஷத்தின் 365 நாளும், நாளைக்கு மூன்று வேளையும், இதற்கு விடை காணவேண்டிய பொறுப்பு ஒரே ஒருவருடைய மனத்தின்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது என்பதையும், அந்த ஒருவர் அநேகமாக வீட்டுத் தலைவியாகவே இருக்கிறார் என்பதையும், அவர் வெளியே போய் உத்தியோகம் பார்த்துச் சம்பாதித்து வந்தாலும் அந்தப் பொறுப்பு அணுவளவும் குறைவதில்லை என்பதையும் நாம் நின்று யோசிப்பது அபூர்வம்.

சமையலைப் பற்றிப் பேசும்போது நறுக்குவது, அரைப்பது, கொதிக்கவைப்பது, தாளிப்பது ஆகிய கைவேலைகளையே கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். இவற்றுக்கெல்லாம் முற்பட்டதும், இவற்றைவிட சூக்ஷ்மமானதும், எவர் கண்ணுக்கும் தென்படாததுமான வேலை ஒன்று உண்டு. எதைச் சமைப்பது என்று தீர்மானிக்கும் வேலைதான் அது. சென்னையின் புறநகர் ஒன்றில் வாழும் சாதாரணக் குடும்பம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். கணவர் தொழிற்பேட்டையில் முதல் ஷிப்டுக்கு விடியும் முன்பே கிளம்புகிறவர். மனைவி மின்சார ரயிலில் நின்றபடியே பிரயாணம் செய்து காரியாலயம் சேருகிறவர். மூத்த மகன் பன்னிரண்டாம் வகுப்பு, பள்ளிக்கூடம் முடிந்து டியூஷனுக்கும் போய் இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்புவான். சின்னப் பெண்ணுக்குக் காலையில் டப்பாவில் கட்டிக்கொடுப்பது பகல் பன்னிரண்டரைக்கு ஆறிப்போன பின்பும் வாய்க்கு ருசியாக இருக்கவேண்டும். மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, சோறு அளவாகத்தான் ஆகும். இந்த ஐந்து உடம்புகளுக்கும், ஒன்றோடொன்று பொருந்தாத ஐந்து நேரங்களுக்கும், ஒரே அடுப்பும் ஒரே வருமானமும் விடியற்காலையின் குறுகிய பொழுதும் ஈடுகொடுக்கவேண்டும். நேற்று வைத்த குழம்பு எது, முந்தாநாள் வாங்கிய வெண்டைக்காய் இன்னும் எத்தனை நாள் தாங்கும், மாவு புளித்துவிட்டதா, துவரம்பருப்பு மாசக் கடைசிவரைக்கும் வருமா, நாளைக்குக் கிருத்திகை ஆயிற்றே என்று இத்தனையையும் ஏககாலத்தில் மனத்தில் நிறுத்தி, ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஒரு முடிவுக்கு வருவதென்பது, பெரிய ஸ்தாபனங்களை நிர்வகிப்பவர்களிடம் நாம் எதிர்பார்க்கும் அதே புத்திநுட்பத்தைக் கோருகிற காரியம்.

2019-ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் நாடு முழுவதும் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடுகிறவர்களுள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் அவற்றில் செலவிடுவதாகத் தெரியவந்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள இந்த வித்தியாசமே மனச்சாட்சியை உறுத்தப் போதுமானது. ஆனால், ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இரவுக்கு அடையா சப்பாத்தியா என்று யோசிப்பதையும், காரியாலயத்தில் கோப்பைப் புரட்டும் நடுவில் கொண்டைக்கடலையை ஊறப்போட மறந்துவிட்டோமே என்று திடுக்கிடுவதையும் எந்த நிமிஷக் கணக்கில் சேர்த்து எழுதுவது? கைக்காவது இரவில் ஓய்வு உண்டு. கை ஓய்ந்து படுத்த பிறகும் இந்த யோசனை ஓய்வதில்லை. ஒரு வாரத்துக்கான உணவை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் வழக்கத்தினால் பணம் மிச்சமாகும், காய்கறி வீணாகாது என்பவை உண்மைதான்; எனினும் அந்த வழக்கத்தை நான் இங்கே பரிந்து பேச முற்படுவது, இந்த ஓயாத யோசனையை ஒருவர் தலையிலிருந்து இறக்கிவைக்க அதைவிடச் சிறந்த உபாயம் எனக்குத் தென்படவில்லை என்ற காரணத்தினாலேயே.

வாரத்துக்கென்று உணவை வகுத்துக்கொள்வது நமக்குப் புதிது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நம் முன்னோர் எழுதி வைக்கவில்லையே ஒழிய, வகுக்காமல் விட்டதில்லை. பஞ்சாங்கமே அவர்களுக்கு உணவுத் திட்டமாக இருந்தது. ஏகாதசியன்று உபவாசம், மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும், அமாவாசையன்று வெங்காயமும் பூண்டும் அண்டாத சமையல், வாழைக்காய்க் கறி, கிருத்திகைக்கும் சஷ்டிக்கும் ஒருவேளை ஆகாரம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள் ஆடவர்க்குச் சனிக்கிழமை, பெண்டிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று ஏற்பட்டிருந்தமையால், அந்தந்த நாளில் மிளகு ரசமும் துவையலும் இடம்பெற, குளிர்ச்சியான பதார்த்தங்கள் விலகி நின்றன. மாமிசம் உண்ணும் குடும்பங்களிலும் இதே ஒழுங்கு வேறு உருவத்தில் நிலவியது: செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, புரட்டாசி மாசம் முழுவதும் பல வீடுகளில் கவிச்சு என்ற பேச்சே இல்லை. கத்தோலிக்கர் வீடுகளில் தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளும், முஸ்லிம்கள் வீடுகளில் ரமலான் மாசத்து நோன்புக் கஞ்சியும் இவ்வாறே நாளோடு உணவைப் பிணைத்து வைத்தன.

இவ்வழக்கங்களுக்கு அடிப்படையான சமய நோக்கத்தை ஒவ்வொருவரும் தத்தம் நம்பிக்கைக்கு ஏற்றபடி மதிப்பிட்டுக்கொள்ளலாம். இந்த ஒழுங்குகள் எல்லாம் தர்மமாகவே நடந்தன என்று சொல்லவும் நான் துணியேன். விரதம் என்ற பெயரால் கைம்பெண்களை ஒருவேளைச் சோற்றோடு நிறுத்திய கொடுமையும், எல்லோரும் உண்டபின் எஞ்சியதே வீட்டுப் பெண்களுக்கு என்ற நியாயமற்ற முறையும் இதே சமையலறைகளில்தான் வேரூன்றியிருந்தன. அவற்றை விலக்கிவிட்டுப் பார்த்தாலும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. தினசரித் தீர்மானத்தில் ஒரு கணிசமான பங்கைக் காலமே ஏற்றுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை என்ன சமைப்பது என்பதில் பாதி, வெள்ளிக்கிழமை என்பதனாலேயே முடிவாகிவிட்டது. அந்த முடிவு ஊருக்கே பொதுவாக இருந்தபடியால், அதைச் செய்தவளை யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை, ருசிக்கவில்லை என்று குறைகூறவும் இல்லை.

பஞ்சாங்கம் விதித்தது போக மிச்சத்தைப் பருவமும் சந்தையும் விதித்தன. மாசி பங்குனியில் மாவடு ஊறும். சித்திரை வைகாசி வெயிலில் மொட்டைமாடியெல்லாம் வடாமும் வத்தலும் வெங்காய வடகமும் காயும். அந்த வருஷத்துப் புதுப் புளியைக் கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து உருட்டி ஜாடியில் அடைத்துவிட்டால் அடுத்த கோடைவரைக்கும் புளியைப் பற்றிய விசாரம் இல்லை. இப்படி வருஷத்துக்கு ஒருமுறை புளி, மாசத்துக்கு ஒருமுறை மளிகைச் சிட்டை, வாரத்துக்கு ஒருமுறை சந்தைக் காய்கறி, அன்றன்றைக்குத் தயிர் என்று ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள் அமைந்திருந்தன. கிராமத்துச் சந்தை குறிப்பிட்ட கிழமையில்தான் கூடும். ஆதலால் சந்தைக்கு மறுநாள் கீரையும், நடுவில் கத்தரியும் அவரையும், அடுத்த சந்தை நெருங்கும்போது சேனையும் பூசணியும் வற்றலும் என்று வாரம் தானாகவே ஒரு கிரமத்தில் ஓடியது. கடற்கரை ஊர்களிலோ கடலே சமையலைத் தீர்மானித்தது; இன்றும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கிழக்குக் கடலில் இறங்கக்கூடாதென்ற தடை அமலிலிருக்கையில், அந்த ஊர்களில் குழம்பு கருவாட்டுக்கும் முட்டைக்கும் மாறுவதைக் காணலாம்.

வாரத்தை வகுப்பதில் நாம் எவ்வளவு தேர்ந்தவர்கள் என்பதற்கு இட்லி மாவைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. நான்கு பங்கு இட்லி அரிசியையும் ஒரு பங்கு உளுந்தையும் சிறிது வெந்தயத்தையும் நான்கைந்து மணி நேரம் ஊறவைத்து, ஆட்டி, உப்பிட்டுக் கரைத்து மூடிவைத்தால், உளுந்தோடு வந்த நுண்ணுயிர்கள் இரவு முழுவதும் உழைத்து மாவைப் பொங்கச் செய்கின்றன. புளிப்பு ஏறாத முதல் நாள் இட்லி. சற்றே புளித்த இரண்டாம் நாள் தோசை. நன்றாகப் புளித்துவிட்ட மூன்றாம் நாள், அந்தப் புளிப்பைத் தாங்கும்படி வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்ந்த ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ. மாவு மாறுவதை நஷ்டமாகக் கருதாமல், மாறும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தக்க ஒரு பதார்த்தத்தை முன்னதாகவே கண்டுவைத்த அந்த விவேகம், பெயர் தெரியாத எத்தனையோ தலைமுறைப் பெண்களின் கூட்டு யோசனையின் பலன். 1950-களில் கோயமுத்தூரிலிருந்து மாவரைக்கும் யந்திரம் புறப்பட்டு வந்து, பின்னர் குளிர்ப்பெட்டியும் அதற்குத் துணை சேர்ந்த பிறகு, மூன்று நாள் கணக்கு ஒரு வாரக் கணக்காக நீண்டது. எங்களுக்குத் திட்டமிட்டெல்லாம் பழக்கமில்லை என்று சொல்கிற குடும்பம்கூட, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரிசியை ஊறப்போட்ட அக்கணமே புதன்கிழமை காலைவரைக்கும் திட்டமிட்டுவிடுகிறது.

ஆயின், இன்றைய குடும்பத்தின் நிலை வேறு. எந்தப் பருவத்திலும் எந்தக் காயும் கிடைக்கிறது. இரவு பத்து மணிக்கும் கைபேசியில் சொன்னால் வாசலுக்கே உணவு வருகிறது. நாள் கிழமை பார்ப்பது பல வீடுகளில் குறைந்துவிட்டது. தடைகள் நீங்கின, அத்தடைகளோடு கூடவே துணையும் நீங்கிற்று. முன்னே, எதைச் சமைக்கலாகாது என்று நாள் சொல்லிற்று, எதைச் சமைக்க முடியும் என்று சந்தை சொல்லிற்று, எப்படிச் சமைப்பது என்று அம்மாவோ அத்தையோ பாட்டியோ சொன்னார்கள். பெரியவர்கள் அருகில் இல்லாமல் தனிக்குடித்தனம் வைத்த இளம்பெண்களின் தவிப்பை உணர்ந்து, 1951-இல் எஸ். மீனாக்ஷி அம்மாள் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டபோது, எப்படி என்ற கேள்விக்கு அச்சில் விடை கிடைத்தது. இன்று அதே கேள்விக்கு ஆயிரம் பேர் திரையில் தோன்றி விடை சொல்கிறார்கள். இன்று, இந்த வீட்டில், இருக்கிற பண்டங்களைக் கொண்டு, வந்து உட்காரப்போகிற இந்த மனிதர்களுக்கு எது என்ற கேள்விக்கு மட்டும் எந்தப் புத்தகமும் எந்தத் திரையும் விடை சொல்வதற்கில்லை. சுதந்திரம் வளர்ந்த அளவுக்கு அந்தக் கேள்வியும் வளர்ந்து, அலுத்துத் திரும்பும் மாலை வேளையில் முழு ஆகிருதியோடு முன்னே நிற்கிறது.

இந்தச் சந்தர்ப்பத்தில், நம் ராஜ்யத்தில் பள்ளிக்கூடக் குழந்தைகளுக்கு உணவளிக்கும் முறையைக் கவனிப்பது பிரயோஜனமாக இருக்கும். 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு பரவலாயிற்று, 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் ஆரம்பமாகி, முதற்கட்டமாக 1,545 பள்ளிகளில் நடைபெற்றது. தொடக்கத்திலேயே அதற்குக் கிழமைவாரியாகப் பட்டியல் வகுக்கப்பட்டது: திங்களுக்கு உப்புமா, செவ்வாய்க்குக் கிச்சடி, புதனுக்குப் பொங்கல், வியாழனுக்கு மறுபடியும் உப்புமா வகை, வெள்ளிக்குக் கிச்சடியோடு கேசரி. மதியச் சத்துணவிலோ, முதல் வாரமும் மூன்றாம் வாரமும் ஒரு விதமாகவும் இரண்டாம் வாரமும் நான்காம் வாரமும் வேறு விதமாகவும் கலந்த சாதங்களும் முட்டையும் மாறிமாறி வரும்படி ஒழுங்கு செய்திருக்கிறார்கள். எத்தனை ரவை, எத்தனை பருப்பு என்று முன்னதாக அறிந்து சேமிக்கலாம். ஒரே பண்டம் திரும்பத் திரும்ப வந்து நாக்கு சலித்துப்போகாமல் தடுக்கலாம். சமைப்பவர் விடிந்ததும் தயங்காமல் வேலை தொடங்கலாம். இவற்றைவிட எனக்கு மேலாகத் தோன்றுவது, இன்றைக்குப் புதன்கிழமை, பொங்கல் கிடைக்கும் என்று குழந்தைக்குத் தெரிந்திருப்பது. வரப்போவது இன்னதென்று அறிந்து அதற்காக ஆவலோடு காத்திருப்பதும் உண்பதன் இன்பங்களில் ஒன்றல்லவா?

வாரம் என்ற அளவு உடம்புக்கும் பொருத்தமானதே. ஊட்டச்சத்து ஆராய்ச்சி நம் நாட்டில் வேரூன்றியது நீலகிரியில். பெரிபெரி என்னும் நோயைப் பற்றி விசாரிப்பதற்காக 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிஸன் தொடங்கிய சிறிய ஆய்வுதான், பிற்காலத்தில் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. இந்தியாவின் பல பிரதேசத்து மக்களின் உணவை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து அவர் பரிசோதித்தபோது, கோதுமையும் பருப்பும் பாலும் காய்கறியும் கலந்த சீக்கியர் உணவு முதலிடம் பெற, அரிசியையே பிரதானமாகக் கொண்ட சென்னை மாகாணத்து உணவு கடைசியில் நின்றது. அவருக்குப் பின் குன்னூரில் பொறுப்பேற்ற அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களையும் திருப்தியான உணவைத் திட்டமிடும் முறையையும் ஒருசேர விளக்கி 1937-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். சத்தும் திட்டமும் சேர்ந்தே செல்லவேண்டியவை என்பதை அந்த ஆராய்ச்சியாளர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

ஒரு வேளை உணவில் எல்லாச் சத்தும் அமையவேண்டுமென்று கவலைப்படுவது அநாவசியம். உடம்பு சிலவற்றைச் சேமித்து வைத்துக்கொள்கிறது, சிலவற்றைச் சேமிப்பதில்லை. கீரையினாலும் மஞ்சள் பூசணியினாலும் கிடைக்கும் ஏ வைட்டமின் ஈரலில் பல நாள் தங்கும். ஆகையால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீரை அமைந்தாலும் நன்மையே. சி வைட்டமினோ அவ்வாறு தங்காது. ஆகையால் எலுமிச்சை, நெல்லி, கொய்யா என்று ஏதேனும் ஒன்று அன்றாடம் வேண்டும். அது கீரையோடு சேர்ந்து உள்ளே போனால் கீரையிலுள்ள இரும்புச் சத்தும் நன்றாக உடம்பில் ஒட்டும். நாளொன்றுக்கு ஒருவர் 400 கிராம் காய்கறி உண்பது நலம் என்பது இந்நாளைய பரிந்துரை. நாம் நினைத்துக்கொண்ட ஐவர் குடும்பத்துக்கு அது வாரத்துக்கு ஏறக்குறைய 14 கிலோ ஆகும். ரயில் நிலையத்து வாசலில் கிடைத்ததைக் கிடைத்த விலைக்குப் பையில் போட்டுக்கொண்டு வருவதால் இந்த அளவு ஒருநாளும் கூடாது. முன்யோசனை இல்லாத வாரங்களில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் மாத்திரமே காய்கறியாக நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

நல்லதொரு வாரத்தை வகுப்பது எங்ஙனம்? முதற்கண், கெடும் வரிசையில் காய்கறியை நிறுத்துவது. வாங்கிய அன்றோ மறுநாளோ கீரை. அடுத்த இரண்டு மூன்று நாளில் வெண்டை, கத்தரி, அவரை, புடலை. அதன் பின் கோஸ், காரட், பீட்ரூட். கடைசியில் சேனை, சேப்பங்கிழங்கு, பூசணி. வாழைப்பூவும் வாழைத்தண்டும் கள்ளன் எடுக்கவும் நார் எடுக்கவும் பொழுது கேட்பவை. அவற்றுக்கு விடுமுறை நாள்தான் தகும், அதுவும் ஆய்வதற்கு இரண்டு மூன்று கைகள் கூடியிருக்கும் நேரமே உத்தமம். அடுத்தபடியாக, குழம்புக்கும் தொட்டுக்கொள்வதற்கும் நம் சமையலில் பரம்பரையாக உள்ள பொருத்தத்தை மதிப்பது. சாம்பாரில் பருப்பு இருக்கிறபடியால் பக்கத்தில் வெறும் பொரியல் போதும், வத்தக்குழம்பில் பருப்பு இல்லாதபடியால் அன்றைக்குப் பருப்புச் சேர்ந்த கூட்டோ பருப்புத் துவையலோ வேண்டும், மோர்க்குழம்புக்குப் பருப்புசிலி. ருசியின் பேரால் சொல்லப்பட்டுவந்த இந்த இணைப்புகளுக்குள், சோற்றில் குறைவது பருப்பில் நிறையவேண்டும் என்ற உடம்பின் நியாயமும் ஒளிந்திருக்கிறது. நெசவில் பாவு அசையாமல் நிற்க ஊடையின் நிறம் மாறிக்கொண்டே போவது போல, இந்தப் பொருத்தங்கள் நிலைத்து நின்றால் அன்றன்றைய காயும் மசாலாவும் விருப்பப்படி மாறலாம்.

மூன்றாவதாக, காலியிடம் விடுவது. ஏழு நாளையும் நெருக்கி நிரப்பிய திட்டம் முதல் விருந்தாளி வந்ததும் முறிந்துவிடும். வாரத்தில் ஒரு இரவையாவது பெயரில்லாமல் விட்டுவைக்கவேண்டும். எஞ்சிய இட்லி உப்புமாவாகவும் எஞ்சிய சோறு எலுமிச்சைச் சாதமாகவும் அன்று உருமாறும். வெளியே போய் உண்ண ஆசை வந்தால் அந்த ஆசைக்கும் அந்த இரவு உரியதாகும். நான்காவதாக, ஆபத்துக்கு உதவும் சேமிப்பு. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, ஊறுகாய், காய்ந்த வத்தல் ஆகியவை அலமாரியில் இருக்கும் வீட்டில், ரயில் தாமதமான இரவும் காய்ச்சல் கண்ட இரவும் கலக்கமின்றிக் கழியும். அவை கோடையில் ஒரு நாள் சிந்தப்பட்ட வியர்வை, மழைக்காலத்தில் ஒரு நாள் தரும் ஓய்வு.

இவ்வாறு உணவுக்கு அட்டவணை போட்டுக்கொண்டால் அன்பு வறண்டுவிடாதா, அம்மா கையால் அன்றைக்குத் தோன்றியதைச் செய்துபோடும் இனிமை போய்விடாதா என்று சிலர் அங்கலாய்ப்பதுண்டு. அந்த இனிமையின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. மழை பெய்கிற சாயங்காலத்தில் யாரும் கேளாமலே வெங்காய பஜ்ஜி வந்துநிற்பது வாழ்க்கையின் பெரும் பாக்கியங்களில் ஒன்று. ஆனால் அத்தகைய உற்சாகம் பிறப்பதற்கு மனத்தில் இடம் வேண்டும். நாள்தோறும் இரண்டு தரம் நிர்ப்பந்தத்தின் பேரில் யோசித்து யோசித்துக் களைத்த மனத்திலிருந்து அது பிறப்பதில்லை. திங்கள் முதல் வியாழன் வரையிலான சமையல் முன்பே முடிவாகியிருந்தால்தான் வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு புதுப் பலகாரத்தைச் செய்து பார்க்கலாமே என்ற எண்ணம் தலைதூக்கும். அன்பை அட்டவணை வறளச் செய்வதில்லை. அலுப்புத்தான் வறளச் செய்கிறது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்லவேண்டும். வீட்டில் என்ன சமைக்கட்டும் என்று கேட்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் விடைகளில் மிகச் சாதாரணமானது, "எதுவானாலும் சரி" என்பது. சொல்பவர்கள் இதைப் பெருந்தன்மையாகவே எண்ணிச் சொல்கிறார்கள். தங்களுக்கென்று தனி விருப்பம் வைத்துத் தொந்தரவு கொடுக்காத நல்ல சுபாவம் என்றே கருதுகிறார்கள். ஆனால் கேட்டவள் விருப்பத்தையா கேட்டாள்? யோசனையில் சிறிது பங்கு கொள்ளும்படி கேட்டாள். எதுவானாலும் சரி என்ற விடை அந்தப் பங்கை மறுத்து, முழுப் பாரத்தையும் அவளிடமே திருப்பித் தந்துவிடுகிறது. அதே மனிதர் இலையில் உட்கார்ந்தபின், "இன்றைக்கும் சாம்பாரா?" என்று கேட்டுவிட்டாலோ, அவள் மனம் எவ்வளவு சோர்ந்துபோகும் என்பதை விவரிக்கவேண்டியதில்லை.

ஆகையால், வாரத் திட்டத்தை வீட்டுத் தலைவி தனியாக உட்கார்ந்து எழுதி ஒட்டிவைத்தால் பாதிப் பயன்தான் விளையும். அவளுடைய யோசனைகளோடு இன்னொரு யோசனை கூடிற்று என்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடிந்ததும், வீட்டிலுள்ள எல்லோரும் அரைமணி நேரம் சேர்ந்து உட்காரவேண்டும். குளிர்ப்பெட்டியையும் அலமாரியையும் திறந்து என்ன இருக்கிறது என்று சொல்வது ஒருவர் வேலை. வரும் வாரத்தில் யார் எந்த நாள் தாமதமாக வருவார்கள், யாருக்குப் பரீக்ஷை, எந்த நாள் விரதம் என்று சொல்வது எல்லோர் வேலையும். ஆளுக்கு ஒரு வேளைக்காவது தன் விருப்பத்தைப் பெயர் சொல்லிக் கேட்பது அவரவர் கடமை. "பாட்டி, உங்களுக்கு எந்த நாள் கேழ்வரகுக் களி வேண்டும்?" என்று பேரன் கேட்டு எழுதட்டும், "அப்பா, வியாழக்கிழமை ராத்திரி தோசை நீங்கள்தான் சுடவேண்டும்" என்று மகள் பெயர் போட்டு எழுதட்டும். கொண்டைக்கடலையை ஊறப்போடுவது புதன்கிழமை இரவு அண்ணனுடைய பொறுப்பு என்று எழுதிவிட்டால், அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பாரம் அம்மாவை விட்டு நீங்கி அவனைச் சேரும். அவன் மறந்தால் மறுநாள் கடலை இல்லை. மறதியின் விளைவை அவன் அறிந்துகொள்வதற்காக ஒரு நாள் கடலை இல்லாமல் போவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இதனால் விளையும் நன்மை அந்த ஒரு வாரத்தோடு நிற்காது. தன் தட்டுக்கு வரும் சோற்றுக்குப் பின்னால் எத்தனை கணக்குகள் உண்டு என்று பத்து வயதில் கற்றுக்கொள்கிற பையன், முப்பது வயதில் தன் மனைவியிடம் எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டு நகரமாட்டான். தன் யோசனைக்கும் வீட்டில் மதிப்புண்டு என்று கண்ட பெண், வீட்டின் யோசனை முழுவதும் தன் ஒருத்திக்கே விதிக்கப்பட்டது என்று நம்பமாட்டாள். சமையலில் உதவும் ஆண்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். அது சந்தோஷமான விஷயம். ஆனால் என்ன செய்யவேண்டும் என்று சொன்னால் செய்கிறேன் என்பதோடு நிற்கும் உதவி, கையை மாத்திரம் இரவல் கொடுப்பது. சொல்லவேண்டிய கவலை அப்பொழுதும் அவளிடமே தங்கிவிடுகிறது. உண்பதில் பங்குள்ளவர் அனைவர்க்கும் யோசிப்பதிலும் பங்கு உண்டு என்பதே நீதி. அந்த நீதியை நம் வீடுகளில் நிலைநாட்டப் பெரிய சட்டங்கள் ஒன்றும் தேவையில்லை. ஒரு தாளும், ஒரு பென்சிலும், சேர்ந்து உட்கார வாரத்தில் அரைமணி நேரமும், அந்த அரைமணி நேரத்தை வேறு எந்த அவசரத்துக்கும் விட்டுக்கொடுக்காத உறுதியும் இருந்தால் போதும்.